முக நரம்பு வலி: மாத்திரையை ஏற்றுவதும் இறக்குவதும்

படப்பையிலிருந்து சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் போகும் சாலையில் விடிகாலை ஷிஃப்டுக்கு பைக்கில் விரைகிற ஒருவருக்கு முக்கிளை நரம்பு வலி இருந்தால், ஹெல்மெட் கண்ணாடியின் இடுக்கில் நுழையும் காற்றே போதும். கன்னத்தில் கரண்ட் அடித்ததுபோல வலி பாய்ந்துவிடும். சில நொடிகளில் அடங்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நீடிப்பது அரிது. ஆனால் ஒரே நாளில் பத்து முறையும் வரும், நூறு முறையும் வரும். பல் துலக்குவது, ஷேவ் செய்வது, முகம் கழுவுவது, ஒரு வாய் சோறு மெல்லுவது, சூப்பர்வைசர் கேட்டதற்குப் பதில் சொல்ல வாய் திறப்பது என்று எதுவும் அதைக் கிளப்பலாம். ஆலைக்குள் முகக்கவசத்தின் எலாஸ்டிக் கன்னத்தில் உரசினாலும், கம்பெனி பஸ்ஸில் ஏசி காற்று நேராக முகத்தில் பட்டாலும் அதே கதைதான். இரண்டு தாக்குதலுக்கு நடுவே வலி சுத்தமாக இருக்காது என்பதால் பக்கத்தில் நிற்பவருக்கு இது புரிவதே இல்லை. இப்போதுதானே நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார் என்பார்கள். முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் ஐந்தாவது கபால நரம்பு மூன்று கிளையாகப் பிரிந்து நெற்றிக்கும் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் போகிறது. வலி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கிளைகளில், முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும். மருத்துவர்கள் சீட்டில் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று எழுதுவது இதைத்தான்.

இதற்கு முதல் மருந்து கார்பமசெபின். இதில் உலகெங்கும் நரம்பியல் மருத்துவர்களிடம் கருத்து வேறுபாடு கிடையாது. ஐரோப்பிய நரம்பியல் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கார்பமசெபினையும் அதன் நெருங்கிய உறவான ஆக்ஸ்கார்பசெபினையும்தான் முதலில் வைக்கிறது. அப்படியிருந்தும் மருந்து பிடிக்கவில்லை, வேலை செய்யவில்லை, தலை சுற்றுகிறது என்று ஒன்றிரண்டு வாரத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். ரோம் நகரில் ஒரு நரம்புவலிச் சிகிச்சை மையத்தில் 200 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2014ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கார்பமசெபின் எடுத்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு வலி கேட்டது. பக்கவிளைவால் மருந்தை நிறுத்தவோ, வலி சரியாக அடங்காத அளவுக்குக் குறைக்கவோ வேண்டிவந்தவர்கள் 27 சதவீதம். ஆக்ஸ்கார்பசெபினில் இந்த எண்கள் 94, 18. மருந்துக்குக் கட்டுப்படாதவர் நூற்றுக்கு இரண்டு பேர், மருந்தைத் தாங்க முடியாதவர் நாலில் ஒருவர் என்றால், நம் கவனம் எங்கே போக வேண்டும்? இன்னும் வலுவான மாத்திரை எது என்று தேடுவதில் அல்ல, கையில் இருக்கும் மாத்திரையை எப்படித் தொடங்குவது, எப்படி ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதில்தான். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒன்றைப் பற்றியே பேசப்போகிறது.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டியதும், இது ஃபிட்ஸ் மாத்திரை ஆச்சே, யாருக்கு என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே மாத்திரையைத் தொடாமல் வைத்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கெய்கி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் 1953ல் இந்த வேதிப்பொருளை உருவாக்கினார். 1962ல் ப்ளோம் என்ற மருத்துவர் முக நரம்பு வலிக்கு இது கேட்கிறது என்று லான்செட் இதழில் எழுதினார். அமெரிக்காவில் 1968ல் இதற்கு முதல் அனுமதி கிடைத்ததே முக நரம்பு வலிக்குத்தான். வலிப்பு நோய்க்கான அனுமதி 1974ல்தான் வந்தது. இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து நரம்பு புறப்படும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து துடித்துக்கொண்டே இருக்கும். நாளாக நாளாக நரம்பின் மேலுறை தேய்ந்து, லேசான தொடுதலுக்கே அது கட்டுக்கடங்காமல் சமிக்ஞைகளை அனுப்பத் தொடங்கும். நரம்பு இழையின் சோடியம் வாயில்கள் அடுத்தடுத்துத் திறப்பதைத் தடுத்து, அந்த வேகத்தைக் கார்பமசெபின் அடக்குகிறது. பாரசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் வேலை செய்யும் இடமே வேறு. அதனால்தான் அவற்றை எத்தனை போட்டாலும் இந்த வலி அசைவதில்லை, வயிறும் சிறுநீரகமும்தான் கெடுகின்றன. உங்கள் சீட்டில் நோயின் பெயரை முழுதாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் மாத்திரையின் பெயரை மட்டும் பார்த்து வலிப்பு நோய் என்று யாரும் குறித்துவிடாமல் இருக்க அது உதவும். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தின் உடல்தகுதி உறுதிமொழி வலிப்பு நோயைக் கேட்பதோடு தலைசுற்றலையும் சேர்த்தே கேட்கிறது. முக நரம்பு வலி வலிப்பு நோய் அல்ல. ஆனால் மருந்தால் தலை சுற்றினால் அதை மறைக்கவும் கூடாது.

வலி இன்னதென்று உறுதியாகாமல் மாத்திரை தொடங்கிப் பயனில்லை. மேல்தாடைக் கிளையில் வலி வந்தால் கடைவாய்ப்பல்லில் வருவதுபோலவே இருக்கும். பல் மருத்துவரிடம் போய், நல்ல பல்லைப் பிடுங்கி, வலி நிற்காமல் பக்கத்துப் பல்லையும் பிடுங்கிய பிறகே நரம்பியல் பிரிவுக்கு வந்து சேருகிறவர்களின் கதை எல்லா நாட்டு மருத்துவ நூல்களிலும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் பல் சரியாக இருந்து, வலி ஷாக் போல வந்து நொடியில் போனால், பிடுங்கச் சம்மதிக்கும் முன் நரம்பாக இருக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாள் முழுவதும் விடாமல் மந்தமாக வலிப்பது, முகத்தில் அக்கி வந்து ஆறிய இடத்தில் எரிவது, தாடை மூட்டில் வலிப்பது எல்லாம் வேறு நோய்கள், வேறு மருந்துகள். வயது நாற்பதுக்குள் இருந்தாலோ, இரண்டு பக்கமும் வலித்தாலோ, கன்னம் மரத்துப்போனாலோ, ஒரு பக்கம் காது கேட்பது குறைந்தாலோ கட்டியோ நரம்புறைச் சிதைவு நோயோ பின்னால் இருக்கக்கூடும். அவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களுக்கும் ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது என்பதே இன்றைய மருத்துவ நடைமுறை.

இனி மாத்திரைக்கு வருவோம். தலைவலி மாத்திரையைப் போல வலி வரும்போது ஒன்று போடுவது இதில் நடக்காது. வலி வந்து போகும் நொடிகளுக்குள் எந்த மாத்திரையும் ரத்தத்தில் கலக்காது; ரத்தத்தில் மருந்து எப்போதும் ஓரளவு நின்றால்தான் அடுத்த ஷாக்கைத் தடுக்கும். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மி.கி. ஒரு வேளையோ இரு வேளையோ தொடங்குவார்கள். மூன்று முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை 100 அல்லது 200 மி.கி. கூட்டுவார்கள். பெரும்பாலோருக்கு ஒரு நாளில் 600 முதல் 800 மி.கி.க்குள் வலி அடங்கும். சிலருக்கு 1200 வரை தேவைப்படும். வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். வலியின் கொடுமையில் முதல் நாளே இரண்டு மாத்திரை போட்டுத் தலை சுற்றி விழுந்து, இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்டுவதுதான் நாம் மேலே பார்த்த அந்த நாலில் ஒருவரின் கணக்கை வீணாக ஏற்றிவிடுகிறது. இந்த மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. தன்னையே சிதைக்கும் கல்லீரல் நொதிகளை இது தூண்டிவிடும். அதனால் மூன்று முதல் ஐந்து வாரங்களில், அதே அளவு மாத்திரை போட்டாலும் ரத்தத்தில் நிற்கும் மருந்து முன்பைவிடக் குறைந்துவிடும். முதல் வாரத்துத் தூக்கக்கலக்கம் பின்னால் தெளிவதற்கும், நன்றாக இருந்தவருக்கு நாலாவது வாரத்தில் வலி மறுபடி எட்டிப்பார்ப்பதற்கும் இது ஒரு காரணம். மருந்து தோற்றுவிட்டது என்று அப்போது பதற வேண்டாம். அளவைக் கொஞ்சம் திருத்த வேண்டிய நேரம் அது, மருத்துவரிடம் போங்கள்.

அளவைத் திருத்த மருத்துவருக்கு வேண்டியது உங்கள் நினைவு அல்ல, ஒரு குறிப்பு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ‘செவ்வாய், பி ஷிஃப்ட், காலை 100, இரவு 100, ஷாக் 14 தடவை, மதியம் படி இறங்கும்போது தலைசுற்றல்’ என்று நாளுக்கு ஒரு வரி. இரண்டு வாரம் இப்படி எழுதியதைக் காட்டினால், புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கிற நாலு நிமிடத்தில் மருத்துவர் சரியான முடிவு எடுக்க முடியும். ஷாக் குறைந்து தலைசுற்றல் நின்றிருந்தால் அளவு சரி. ஷாக் குறையாமல் தலைசுற்றலும் இல்லையென்றால் ஏற்றலாம். ஷாக் குறையாமலே நடை தள்ளாடினால் மருந்தை மாற்றவோ இன்னொன்றைச் சேர்க்கவோ யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வீட்டில் ஓய்வாக இருப்பவருக்கு இதெல்லாம் சரி, வாரத்துக்கொரு ஷிஃப்ட் மாறி பிரஸ் மெஷினிலும் ஃபோர்க்லிஃப்டிலும் நிற்கிறவர் தூக்கம் வரும் மாத்திரையை எப்படிப் போடுவார்? ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் ஆலைகளில் இதுதான் உண்மையான சிக்கல், மழுப்ப முடியாது. தலைசுற்றலோடு ஓடும் மெஷினில் கை வைப்பது வலியைவிடப் பெரிய ஆபத்து. ஆனால் மருந்தை விட்டுவிடுவது அதற்குத் தீர்வாகாது. நெற்றியில் சுளீரென்று ஷாக் அடித்துக் கண்ணை மூடிக்கொள்ளும் அந்த நொடியிலும் கை மெஷினில்தான் இருக்கிறது. எனவே அளவு ஏறும் வாரங்களை வேலையோடு இசைய வைக்க வேண்டும். கூட்டும் முதல் வேளையை வாராந்திர விடுமுறைக்கு முந்தைய நாள் தூங்கப்போகும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்றி முடிக்கும்வரை ஓடும் மெஷின், உயரம், வண்டி ஓட்டும் வேலைகளிலிருந்து மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். மருத்துவரின் சீட்டு கையில் இருந்தால் மேலாளரிடம் பேசுவது எளிது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட, இ.எஸ்.ஐ.யில் இருக்க வேண்டியவர்கள். சந்தா நாட்கள் நிறைவடைந்திருந்தால், மருத்துவர் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அளவு ஏறும் அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு இதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். அது உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம்தான்.

ஷிஃப்ட் மாறும்போது வேளை குழம்பும். காலை, இரவு என்று நினைவில் வைத்தால் சி ஷிஃப்ட் வாரத்தில் தடுமாறிவிடுவீர்கள். காலை 8, இரவு 8 என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, போனில் அலாரம் வைத்துவிடுங்கள். எந்த ஷிஃப்டானாலும் அந்த நேரம் மாறாது. அளவு ஏறிய பிறகும் இரண்டே வேளை போதும் என்ற வசதி சி.ஆர். என்று அட்டையில் போட்ட மெதுவாகக் கரையும் மாத்திரையில்தான் உண்டு. மருந்து ஒரே சீராக இறங்குவதால் தலைசுற்றலும் பொதுவாகக் குறையும். ஆனால் அதைக் கடித்தோ பொடித்தோ விழுங்கக் கூடாது. விழுங்க வலிக்கிறது என்று பொடி செய்து கஞ்சியில் கலந்தால் பன்னிரண்டு மணி நேரத்து மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும். மறந்துபோன வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடுவதும் அதே தவறு. மது இந்தத் தூக்கக்கலக்கத்தைப் பல மடங்கு கூட்டும்.

இரண்டாவது ஆட்சேபம் மருந்தின் ஆபத்தைப் பற்றியது. அதிலும் பாதி உண்மை. கார்பமசெபின் அரிதாகத் தோலையும் வாயையும் கண்ணையும் பொசுக்கிவிடும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் ஒவ்வாமையை உண்டாக்கும். எச்.எல்.ஏ. பி 1502 என்ற மரபணு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004ல் கண்டார்கள். 2009ல் வெளியான சிறிய இந்திய ஆய்வு ஒன்றில் இந்த ஒவ்வாமை வந்த 8 பேரில் 6 பேரிடம் அதே மரபணு இருந்தது. வசதி இருக்கும் இடத்தில் இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்கலாம். பரிசோதனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு விதி கறாரானது: காய்ச்சலோடு தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்த மாத்திரையை மறுபடி தொடவே கூடாது. தொடங்கும் முன்னும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் ரத்த அணுக்கள், கல்லீரல், சோடியம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சோடியம் குறைவது ஆக்ஸ்கார்பசெபினில் அதிகம். பிரஷருக்கு நீர் போகும் மாத்திரை எடுக்கும் வயதானவர்களுக்கு இது கவனிக்க வேண்டிய ஒன்று. காரணமில்லாத குழப்பமும் தள்ளாட்டமும் அதன் அடையாளம்.

இதைவிட அடிக்கடி நடப்பதும், அதிகம் பேசப்படாததும் மற்ற மருந்துகளோடு மோதுவது. சளிக்கும் பல் வீக்கத்துக்கும் கடையிலேயே கேட்டு வாங்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்குகள் கார்பமசெபினை ரத்தத்தில் தேங்கவைத்து, இரண்டு நாளில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல், பிரஷருக்கான டில்டியாசெம், வெராபமில், காசநோய்க்கான ஐசோநியசிட் எல்லாம் இந்த வரிசையில் வரும். எதிர்த்திசையிலும் நடக்கும்: கருத்தடை மாத்திரையின் பலனையும், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினின் பலனையும் கார்பமசெபின் குறைத்துவிடும். கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவதை இது பாதிக்கக்கூடும் என்பதால், குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சித்த மருந்தோ கஷாயமோ எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்வதால் எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார்.

ஏற்றுவதைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். இறக்குவதைப் பற்றிச் சொல்பவர் குறைவு. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் போல இதுவும் வாழ்நாள் முழுக்க ஒரே அளவில் போக வேண்டியது என்று நினைத்துவிடுகிறோம். இந்த நோயின் போக்கு அப்படியில்லை. வாரக்கணக்கில் வாட்டிவிட்டு, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஓய்ந்திருக்கும். ஓய்ந்திருக்கும் காலத்தில் 800 மி.கி.யைத் தொடர்வது வீண் சுமை. மறதியும் சோர்வும் மிஞ்சும். ஒன்றிரண்டு மாதம் வலியே இல்லாமல் போனால், மருத்துவரைக் கேட்டு வாரத்துக்கு 100 மி.கி. வீதமோ அதைவிட மெதுவாகவோ குறைத்து, எந்த அளவில் வலி எட்டிப்பார்க்கிறதோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்திக்கொள்ளலாம். வலியே வராவிட்டால் முழுதாக நிறுத்தவும் முடியும். ஒரே நாளில் நிறுத்துவது மட்டும் கூடாது. வலி முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். மேலே சொன்ன தோல் ஒவ்வாமை ஒன்றுதான் இதற்கு விலக்கு.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஆபரேஷன் செய்துவிடலாமே என்று கேட்கலாம். நரம்பின்மேல் சாய்ந்த ரத்தக்குழாயை விலக்கி நடுவே சிறு பஞ்சுத்துண்டு வைக்கும் அறுவை சிகிச்சையை 1960களின் பிற்பகுதியிலிருந்து பீட்டர் ஜானெட்டா வளர்த்தெடுத்தார். அவர் குழு 1996ல் வெளியிட்ட கணக்கின்படி பத்து ஆண்டு கழித்தும் 70 சதவீதம் பேர் மருந்தில்லாமல் வலியின்றி இருந்தார்கள். சாதாரண வெற்றி இல்லை இது. பி. ராமமூர்த்தி 1950ல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிய சென்னை அரசு பொது மருத்துவமனையும், அதற்கு ஓராண்டு முன் ஜேக்கப் சாண்டி அப்பிரிவைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யும் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் மண்டை ஓட்டைத் திறக்கும் சிகிச்சை அது. காது கேளாமை, முக மரப்பு போன்ற விளைவுகள் சிலருக்கு வரும். குறைந்த அளவில் வலி அடங்கித் தெளிவாக நடமாடுகிறவருக்கு அவசரம் இல்லை. அதேபோல, மாத்திரையை ஒழுங்காக ஏற்றியும் வலி நிற்கவில்லை, அல்லது வலி நின்றாலும் மனிதர் தள்ளாடிக்கொண்டே இருக்கிறார் என்றால், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின், பாக்லோஃபென், காபாபென்டின் என்று மாற்றியும் சேர்த்தும் வருடக்கணக்கில் இழுத்தடிப்பது மருந்தின்மேல் வைக்கும் மூட நம்பிக்கை. அவரை அறுவை மருத்துவரிடம் அனுப்பத் தாமதிக்கக் கூடாது. அறுவை எப்போது வேண்டும் என்ற முடிவுக்கு நேர்மையாக வர வேண்டுமானாலும் மருந்தை முறையாகப் பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

வலி தாங்காமல் சாப்பாட்டையே குறைத்து உடம்பு இளைத்தவர்களும், செத்துவிடலாமா என்று நினைத்தவர்களும் இந்த நோயில் உண்டு. அப்படி ஒரு நினைப்பு வந்தால் 104க்கோ டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416க்கோ உடனே பேசுங்கள். வலியின் கொடுமையில் வருவது அது, கோழைத்தனம் அல்ல. வலிப்பு மருந்துகளும் சிலரின் மனநிலையை மாற்றும் என்பதால் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, மாத்திரை வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் போன மாதம் ஒரு கம்பெனி மாத்திரை தந்திருப்பார்கள், இந்த மாதம் வேறொன்று வரும். கடையிலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினாலும் இப்படி மாறலாம். பெயர் மாறுவதில் தவறில்லை. சி.ஆர். இருந்த இடத்தில் சாதாரண மாத்திரை வருவதும், 200 இருந்த இடத்தில் 400 வருவதும்தான் ஆபத்து. காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் நோட்டுக்குள் வைத்திருங்கள். புதிய அட்டையைக் கையில் வாங்கியதும் பழையதோடு ஒப்பிட்டு, மருந்தின் பெயர், மில்லிகிராம், சி.ஆர். என்ற எழுத்து மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் கவுன்ட்டரை விட்டு நகராமல் கேளுங்கள்.